ஆவுடையம்மைக் காற்று

அக்கா,

இன்று காலை மழைச் செய்தியைக் கைபேசியில் பார்த்துப் பேத்தி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். கழக்கூட்டத்து ஆபீஸுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். கடலில் புயல் சின்னம். அது வலுத்தால் வைக்க வேண்டிய பேர் இப்போதே தயார் என்றாள். இந்தக் கடலைச் சுற்றியிருக்கும் நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் பேர் கொடுத்து வைத்திருக்கின்றனவாம். வரிசைப்படி எடுத்து வைப்பார்களாம். பிள்ளை உண்டாகும் முன்பே பேர் வைத்து முடித்துவிடுகிறார்கள்.

"ஒங்க காலத்துல புயலுக்குப் பேரு உண்டா ஆச்சி?" என்று கேட்டாள்.

உண்டு, ஒன்றே ஒன்றுக்கு வைத்தார்கள் என்றேன். அது உங்கள் பேர் என்று சொன்னதும் அவள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது, எழுத்து கோணும். நினைவு கோணாது.

அதற்கு முன் நம் ஊரில் வெள்ளத்துக்கும் காற்றுக்கும் வருஷம்தான் பேர். கொல்லம் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த வெள்ளத்தை நம் மாமி "தொண்ணூற்றொன்பது" என்றுதான் சொல்வாள். தொண்ணூற்றொன்பதில் மூழ்கியது, தொண்ணூற்றொன்பதில் செத்தது என்று. அதில் ஒருவருக்கும் அவமானம் இல்லை. வருஷத்துக்கு ஏது மானம், ஏது மாமியார் வீடு?

நான் கல்யாணம் ஆகிச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தேன். அதற்கடுத்த வருஷம், இங்கிலீஷ் கணக்கில் ஐம்பத்து மூன்று. முன்னால் அரிசி மொத்தக் கடை, பின்னால் நம் வீடு, நடுவில் ஒரு கதவு. காலையில் கணக்கப்பிள்ளை பேப்பரை உரக்க வாசிப்பார். உங்கள் வீட்டுக்காரர் பெரியத்தானும், அவர் தம்பி என் வீட்டுக்காரரும், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் கேட்பார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நாம் இருவரும் அரிசி புடைத்துக்கொண்டே கேட்போம். அந்தக் கணக்கப்பிள்ளையின் பேரை இந்த மடலில் எழுத மாட்டேன். மறந்து போய் அல்ல.

அவர் ஒரு நாள் வாசித்தார். "அமெரிக்காக்காரன் புத்தியுள்ளவன், கேட்டேரா? இனி புயலுக்கெல்லாம் பொம்பளப் பேருதானாம். எப்பத் திரும்பும், எங்க திரும்பும்னு ஒருத்தனுக்கும் தெரியாதுல்லா." கடை முழுக்கச் சிரிப்பு. நீங்கள் முறத்தை நிறுத்தவில்லை. உமியை மட்டும் கொஞ்சம் பலமாக ஊதினீர்கள்.

அப்போது வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. உங்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியத்தானுக்கு இன்னொரு பெண் பார்க்கலாம் என்று மாமி தொடங்கி, தோவாளையில் ஓர் இடமும் வந்துவிட்டது. உங்களைக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. கதவு வழியாகத்தான் தெரிந்துகொண்டீர்கள். தெரிந்த அன்றே கதவைத் திறந்து கடைக்குள் போனீர்கள். பெண்கள் அந்தப் பக்கம் கால் வைக்காத கடை அது. சுமட்டுக்காரர்கள் சாக்கோடு நின்றுவிட்டார்கள். "நான் இருக்கும்போ இன்னொருத்தி இந்த வாசல் ஏறப்பிடாது" என்றீர்கள். அவ்வளவுதான். பெரியத்தான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐப்பசியில், துலாமாசத்தில்தான் காற்று அடித்தது. மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் தகரக் கூரை பறந்துபோய் எதிர்ச் சாரியில் விழுந்தது. அரிசிச் சாக்குகள் நனைந்து, வெயில் வந்ததும் தெருவெல்லாம் புளித்த வாடை. நனைந்த அரிசியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை சொன்னார்: "இந்தக் காத்துக்கு நாம பேரு வைக்காண்டாமா? ஆவுடையம்மை."

பெரியத்தானும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் எழுத வரவில்லை. அவர் சிரித்ததை எழுதி வைக்கிறேன்.

பேர் ஒட்டிக்கொண்டது. வண்டிக்காரர்கள் "ஆவுடையம்மை அடிச்சதுக்கு மறுநாள்" என்று நாள் கணக்குச் சொன்னார்கள். வெற்றிலை விற்கிறவள் நம் வாசலிலேயே நின்று, "ஆவுடையம்மைல எனக்க கொடிக்காலும் போச்சு" என்று உங்களிடமே அழுதாள். அவளுக்கு உங்கள் பேர் தெரியாது. நீங்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆமா, பொல்லாத காத்துதான் என்றீர்கள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

தோவாளைக்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூட இரண்டு பெரியவர்கள். கடையின் முன்பக்கத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். மாமி என் கையில்தான் காப்பித் தட்டைக் கொடுத்தாள். நீங்கள் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். நான் உங்கள் பின்னாலேயே கதவுவரை வந்தேன்.

கணக்கப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா? பெண்ணின் அப்பாவிடம், "பாத்துக் குடியும் ஓய், நம்ம சாலைல புயலுதான் காப்பி கொண்டாருகு" என்றார். பேர் வைத்த கதையையும் சொன்னார். வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

நீங்கள் தட்டைக் கீழே வைத்தீர்கள். குரலை உயர்த்தவில்லை.

"எம் பேருள்ள காத்து கூரையத்தான் கொண்டுபோச்சு. இந்தக் கல்யாணம் நடந்தா இன்னொண்ணு வரும். அதுக்குப் பேரு நான் வைக்கேன். பூதலிங்கம்."

ஒருவருக்கும் விளங்காததுபோல் இருந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னீர்கள். "பூதலிங்கம் பிள்ளை."

பேத்திக்கு இந்த இடம் புரியவில்லை, அக்கா. அவள் தன் புருஷனை டேய் என்கிறாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நாம் நம்பிய காலத்தை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் பின்னால் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வோம். அந்தப் பேருள்ள சாமியைக்கூட "நம்ம ஊருச் சாமி" என்றுதான் கும்பிடுவோம். நீங்கள் அந்தப் பேரை நடுக்கடையில், வந்த சம்பந்தக்காரர்கள் முன்னால், ஒரு புயலுக்கு வைத்தீர்கள்.

பெண்ணின் அம்மாதான் முதலில் எழுந்தாள். "கெட்டுனவன் பேரச் சொல்லிட்டாளே" என்று தன் புருஷனிடம் சொன்னாள். பிறகு மாமியைப் பார்த்து, "ஆயுசு அறுந்தவனுக்கா எம் மவளக் குடுப்பேன்?" என்றாள். காப்பியைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பெரியவர் ஒப்புக்குச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அன்று அடுக்களையில் உங்களிடம் கேட்டேன், தெரிந்துதான் சொன்னீர்களா என்று. ஆறிப்போன காப்பியை எனக்கும் உங்களுக்கும் ஊற்றிக்கொண்டே, "அவிய வச்சது வெளையாட்டுன்னா நான் வச்சதும் வெளையாட்டுதான்" என்றீர்கள்.  

மாமி உங்களைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பெரியத்தானின் ஆயுசுக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னாள். மனசாரத்தான் உடைத்தீர்கள். பூசை செய்யும் போற்றி அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார். நீங்களே வாயைத் திறந்து சொன்னீர்கள். மாமி அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

செய்தி பஸ் ஏறி நாஞ்சில் நாடு முழுக்கப் போனது. அதன் பிறகு ஒரு வீட்டிலிருந்தும் ஜாதகம் வரவில்லை. பெரியத்தான் பல நாள் உங்களோடு பேசவில்லை. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மனுஷன் எத்தனை நாள் திரும்பாமல் இருப்பான்? திரும்பினார். திரும்பியபோது முகத்தில் கோபம் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. என் பிள்ளைகள் உங்கள் இருவர் மடியிலும்தான் வளர்ந்தார்கள். அவர் பல்லெல்லாம் போய், ஊன்றுகோல் பிடித்து, உங்களுக்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார். ஆயுசு குறைந்த லட்சணம் அது. தோவாளைக்காரிக்கு யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கப்பிள்ளை சாகக் கிடந்தபோது என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. பழசை மறந்துவிடு என்று பலரும் சொன்னார்கள். உங்கள் பேரைச் சொல்லித் தெருவே சிரித்தபோது மறந்துவிடு என்று அவர்களில் ஒருவராவது சொன்னார்களா?

பேத்தி இன்னொன்றும் வாசித்துச் சொன்னாள். அமெரிக்காவில் பின்னால் பெண்கள் சண்டை பிடித்தார்களாம், அழிவுக்கெல்லாம் எங்கள் பேர்தானா என்று. வெகுவருஷம் கழித்து ஆண் பேரையும் சேர்த்தார்களாம். பாவம், அவர்களுக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் ஒரு காப்பித் தட்டை இறக்கி வைக்கிற நேரத்தில் செய்துவிட்டீர்கள்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. தோவாளைக்காரர்கள் போன அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினேழு வயசு. போய் நின்று அவர் பேரைச் சொன்னேன். வானம் இடியவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன?" என்றார். கேட்க ஒன்றும் இல்லை எனக்கு. துண்டு வேண்டுமா என்றேன். அன்றிலிருந்து அவர் போகிறவரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அவரும் ஒவ்வொரு தடவையும் "என்ன?" என்றுதான் கேட்டார். இந்த வாயை எனக்குக் கொடுத்தது நீங்கள், அக்கா. இதை மூடச் சொல்ல இனி ஒருவருக்கும் பாத்தியம் இல்லை.