மைக்கில் சிவப்புக் கோடு

அன்பு மகளுக்கு, அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இத்தனை தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பேசுவேன், விஷயம் நடுவில் காணாமல் போய்விடும். அதனால் முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் வாயைத் திற.

செவ்வாய்க்கிழமை தம்பியின் திட்டக் கூட்டம் நடந்தது. அடுத்த வருஷம் அவனுக்கு என்னென்ன உதவி, வாரத்தில் எத்தனை நாள் வேலை, கூட யார் போவது என்று முடிவு செய்வார்களே, அதேதான். எப்போதும் அலுவலகத்துக்குப் போய் மேஜையைச் சுற்றி உட்காருவோம், இந்த வருஷம் கம்ப்யூட்டரில்தான் என்று அந்தத் திட்ட அலுவலர் பெண் சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம், தபால்தலை அளவுக்கு முகத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளையின் வாழ்க்கையைப் பேசுவதா என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தம்பி தனித் திரையில் வரவேண்டும், அப்போதுதான் அவன் முகம் எல்லாருக்கும் நேராகத் தெரியும் என்றாள் அந்தப் பெண். சரி என்று நீ அனுப்பிய டேப்லெட்டை அவன் அறையில் வைத்துக் கொடுத்தோம். நம் துரை, அதான் உன் தம்பி, வேலைக்குப் போடும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவையும் சாத்திக்கொண்டார். நானும் அப்பாவும் சமையலறை மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். ஆரம்பித்ததுமே இரண்டு கருவிகளும் ஒன்றைக் கேட்டு ஒன்று ஊளையிட்டன. அந்தப் பெண் அவனை ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னிடம் "அம்மா, மைக்க ஆஃப் பண்ணிடுங்க, பேசறப்ப போட்டுக்கலாம்" என்றாள். செய்தேன்.

முதலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் பேசினார். துண்டு மடிப்பதில் நம் தம்பியை அடித்துக்கொள்ள ஆளில்லையாம், ஓரமும் ஓரமும் சேராவிட்டால் "நான் மடிச்சதக்கூட என் கையிலயே திருப்பிக் குடுத்துடறாரு" என்று சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. அப்பா அம்மாவால் முடியாமல் போனால் நீ யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று அவனைக் கேட்டாள். சலவைக்கூடத்துக்குப் பின்தெருவில், அவனைப் போல மூன்று பேர் ஓர் உதவியாளரோடு இருக்கும் வீட்டில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, அதையும் யோசித்துப் பார் என்றாள். அவன் ஒரு பதிலை எடுத்துக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். அலுவலகத்தில் யாரும் அவ்வளவு நேரம் பொறுத்ததில்லை, பொறுக்காதவர்களில் முதல் ஆள் நான்தான். ஆறு வருஷமாக அந்தக் கேள்விக்கு நானே "அக்கா கூட" என்று சொல்லி, உன் பேரையும் எழுத வைத்துவிடுவேன். இந்தத் தடவையும் பிடித்துக்கொண்டேன். அக்கா அங்கே கிடைத்த நிரந்தர வேலையையே தம்பிக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அடுத்த வருஷம் இங்கேயே வந்துவிடுவாள், முன்பின் தெரியாத வீடெல்லாம் எதற்கு என்று மூச்சுவிடாமல் பேசினேன். எல்லாரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேச்சில் சொக்கிப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தம்பி குரல் வந்தது. "அந்த வீடு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வேலைக்கு நடந்தே போலாம்" என்றான். அப்போ அக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். மறுபடி அத்தனை பேரும் காத்திருந்தார்கள். "அக்கா வீட்டுக்கு லீவுல போவேன். அக்காவுக்கும் வேலை இருக்கு" என்றான்.

மைக் படத்தின்மேல் சிவப்புக் கோடு இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், கட்டான லைனில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்! அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். "நீ முடிக்கறதுக்குள்ள அவன் சொல்லிடுவான்னு பாத்தேன்" என்கிறார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, மனுஷன் அதையும் நிம்மதியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

குளியலறையில் போய் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் என்னை விட்டுப் போகிறானே என்று கொஞ்சம், உனக்கு நான் செய்ததை நினைத்து மிச்சம். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று நீ எழுதியபோது, ஏனடி அப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டேன். தப்பு என்னுடையது.

சனிக்கிழமை போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். அறை காற்றோட்டமாக இருக்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், விடுவேனா. நம் துரை கட்டிலில் ஷூவோடு படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போர்வையை மடித்து வைத்தான். முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும், பிறகு அவன் சொல்கிறபடி. நன்றாகத்தான் நடக்கும், எனக்குச் சந்தேகமில்லை. திட்டத்தாளும் வந்துவிட்டது. உன் பேர் இருந்த கட்டத்தில் "விடுமுறைக்கு அக்கா வீடு" என்று இருக்கிறது.

ஆகவே நாளைக்கே போய் அந்த வேலையைத் திரும்பக் கேள். கூச்சப்படாதே, மனசு மாறிவிட்டது என்று சொல், மாறக்கூடாதா என்ன. நீ நினைத்ததெல்லாம் நடந்து, உடம்புக்கு ஒன்றும் வராமல், நூறு வருஷம் நன்றாக இரு. தம்பி பக்கத்தில் நின்று ஒரு வரி எழுதச் சொல்கிறான். நானாக முடித்துவிடாமல், அவன் சொல்லி முடிக்கும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் சொன்னது: அக்கா, பத்து நாள் லீவு. உன் வீட்டுல ஜன்னல் பக்கம் எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா