நங்கூரம் போட்டவள்

சித்திரை 3, வெள்ளி

கடும் வெயில். மாடியில் மிளகாய் காயப்போட்டேன். ரங்கூனுக்குள் ஜப்பான்காரன் புகுந்து ஒரு வருஷத்துக்கு மேல். கப்பலில் கலாசி வேலைக்குப் போன என் வீட்டுக்காரரைப் பற்றித் தகவலே இல்லை. அதுமுதல் அண்ணன் வீட்டில் நான்.

கீழே அண்ணன் மனைவி, என் மச்சியும் பக்கத்து வீட்டு அம்மாவும்.

"ஒங்க நாத்தனா இன்னும் போகலையா?"

"அவ எங்க போறா? நங்கூரம் போட்டுட்டா."

சிரிப்பு. மச்சி பொல்லாதவள் இல்லை. ஐந்து பிள்ளைகள், அரிசித் தட்டுப்பாடு. ஒன்றும் வாங்காமல் கடையில் உட்கார்ந்தே இருப்பவர்களை நானும் அப்படிச் சொன்னதுண்டு.

சித்திரை 5, ஞாயிறு

தலைவலி. சோப்பு தீர்ந்தது.

கடலை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில், நங்கூரம் என்றால் என்னவென்று அவரிடம் கேட்டேன். "இரும்புக் கொக்கிதான். எறக்கிட்டா கப்பல் அசையாம நிக்கும்னு நெனைக்காத. ஆடிக்கிட்டேதான் கெடக்கும். அலை இழுத்துட்டுப் போயிருதான்னு ஒரு ஆளு முழிச்சிருந்து பாக்கணும்" என்றார். சொன்னது ஞாபகம் இருக்கிறது. குரல்தான் மறந்துகொண்டே வருகிறது.

சாயங்காலம் அண்ணன், என் முகம் பாராமல்: "திருவாதவூர்ல ஒருத்தரு ஒன்னயக் கேக்குறாரு. சம்சாரம் மவுத்தாயிருச்சு. காணாமப் போனவருக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் முடியட்டும். இப்பப் பேசி மட்டும் வைப்போமா?"

மாடியில் கிடந்த மிளகாயை அள்ளப் போய்விட்டேன்.

சித்திரை 9, வியாழன்

புழுதிக் காற்று. கைத்தடி ஊன்றி ஒருவர் வந்தார். சுல்தான். என் வீட்டுக்காரரோடு ஒரே கப்பல். கல்கத்தா ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் கிடந்தாராம். அண்ணனிடம் அவர் சொன்னதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ரங்கூன் ஆத்துல நங்கூரம் போட்டு நின்னோம். குண்டு விழ ஆரம்பிச்சிருச்சு. தூக்க நேரமில்ல. சங்கிலியக் கழத்தி ஆத்துலயே விட்டுட்டு வந்துட்டோம். ஒங்க மச்சான் யூசுப்பு அப்பக் கரையில. சாமான் வாங்கப் போயிருந்தாரு."

"பாத்தீங்களா?" என் குரல்தான்.

"கையக் காட்டுனாரு. அம்புட்டுத்தாம்மா தெரியும்."

அன்று உயிரோடு நின்றிருக்கிறார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அழுகை வரவில்லை. மச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

போகும்போது சுல்தான் சொன்னார்: ஒத்தக்கடையில் தன் தங்கச்சி பாத்திமுத்து, விதவை. பட்டாளத்துச் சட்டைகள் தைக்கிறாள். இரண்டாவது மிஷினுக்கு ஆள் கிடைக்கவில்லை.

"நான் வாரேன்னு சொல்லுங்கண்ணே."

அண்ணன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

சித்திரை 12, ஞாயிறு

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ், ஒரே புகை. கிளம்பும்போது மச்சி: "ஒன்னய யாரும் போகச் சொல்லலையே." "தெரியும் மச்சி." தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். அண்ணன் கூட வந்தார். யானைமலை தெரிந்ததும் நானே சொன்னேன்: "திருவாதவூருக்கு வேண்டாம்னு சொல்லிருங்கண்ணே." தலையாட்டினார்.

வந்ததும் தைக்க உட்கார்ந்தேன். காக்கிச் சட்டைக்குக் காலர். மிஷின் கொஞ்சம் முரடு. பக்கத்து மிஷினிலிருந்து பாத்திமுத்து கேட்டாள்: "எம்புட்டு நாளு இருப்ப?"

மிதிப்பதை நிறுத்தினேன். "தெரியலையே" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப இரு. ஒனக்குன்னு தனியா ஒரு அடுப்புப் போட்டுருவோம்."