குலிம் லைன்ல கூட்டம்

திங்கள், 6 மார்ச் 1989
காலையிலேயே வெயில். வேன் டயருக்குக் காத்து. சுங்கை பட்டாணி ஃபேக்டரிக்கும் குலிம் கிளைக்கும் ரெண்டு ட்ரிப், எல்லாம் கம்ப்யூட்டர்ல போக வேண்டிய கணக்கு, பேப்பர் கட்டா. ரெண்டு ஆபீஸையும் சேர்க்கிற கம்ப்யூட்டர் லைன் மறுபடி அடைப்பு. மேனேஜர் ஒரே கத்தல். அந்த மெஷினைப் பாக்கிறது என் அக்கா மக ரோசி (சுருக்கமா ரோ.). இன்னும் தற்காலிக வேலைதான். சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணணுமாம். பண்ணினா அவ வேலை நிரந்தரம், என் குலிம் ட்ரிப் போச்சு. பண்ணலேன்னா அவ வீட்டுக்கு.
"என் சோத்துல மண்ணைப் போடப் பாக்கிறியா?"ன்னேன்.
"ஆமா மாமா, ரெண்டு கை மண்ணு."
வாய்! அப்படியே என்னுது.

செவ்வாய்
மழை. வேன்ல வரும்போது ரோ. விளக்கம். மத்தியானம் ரெண்டு ஆபீஸும் ஒரே நேரத்துல சேதி அனுப்புதாம். லைன் அடைச்சு பாதி காணாமப் போகுது. போனதைத் திரும்ப அனுப்ப, இன்னும் அடைப்பு. அவ யோசனை: 'கிடைச்சது'ன்னு பதில் வர எவ்வளவு நேரம்னு மெஷினே பாக்கணும். பதில் லேட்டா வர ஆரம்பிச்சா முன்னாடி கூட்டம்னு அர்த்தம். காணாமப் போறதுக்கு முன்னாலயே மெதுவா அனுப்பணும்.
"உன்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன பட்டர்வொர்த் மாப்பிள்ளை வீட்டுலயும் பதில் லேட்டு. அங்க பொண்ணுங்க கூட்டமோ?"
குடையால ஒரு குத்து.

புதன்
சோதனை. ஊத்திக்கிச்சு. லைன் அடைச்சிருக்கு, மெஷின் பாட்டுக்கு அள்ளி விடுது. குலிம் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி போன்ல, "பாதிகூட வரல லா!" எனக்கு மூணாவது ட்ரிப், ஓவர்டைம். சந்தோஷம் வரல. சாயங்காலம் அக்கா வீட்டுல ரோ. சாப்பிடல. அவ தட்டு மீனையும் எடுத்துத் தின்னேன். அப்பவும் திட்டல. அதான் பயமா இருக்கு.

வியாழன்
ரோ. கண்டுபிடிச்சுட்டா! லைன் சாதாரணமா இருக்கிறப்ப பதில் வர எவ்வளவு நேரம்னு போன வாரம் அளந்திருக்கா. அளந்தது மத்தியானம், அப்பவே கூட்டம். அந்த லேட்டைத்தான் மெஷின் ஒழுங்குன்னு நம்பிக் கெடந்திருக்கு. லைன் காலியா இருக்கும்போது அளக்கணுமாம்.
"விடியக்காலையில கூட்டிட்டுப் போங்க மாமா."
என் ட்ரிப்பைப் பறிக்க என் வேன்லயே சவாரி. சரின்னேன்.

வெள்ளி
பனி. லூனாஸ் ரோட்டுல ஒரு நாய் மட்டும். கேட்டுல காவலுக்கு இருக்கிற ஜாகா தூக்கம், ஹாரன் அடிச்சு எழுப்பினேன். அவர் சொன்ன சேதி: ஃபேக்டரிக்கு ஆள் ஏத்துற பஸ் டிரைவர் வேலையை விட்டு நிக்கப் போறாராம். ரோ. அளந்துட்டு சிரிச்சுக்கிட்டே வந்தா. தவக்காலம், இறைச்சி இல்ல. ரொட்டி சானாய், பருப்பு. இன்னைக்கு அவ தட்டுல கை வைக்க விடல, எல்லாம் அவளே.

சனி
மேனேஜர் உத்தரவு: குலிம்ல வேன் கதவைத் திறந்துவச்சுட்டு நிக்கணும். லைன் அடைச்சா பேப்பர் ஏத்த. மத்தியானம். வேர்வை. மாதாவே, அவ பொழைக்கட்டும். கிராணி வந்தாரு. வெறுங்கை.
"கதவைச் சாத்துங்கண்ணே. கொஞ்சம் மெதுவாப் போச்சு, ஒண்ணுகூடக் காணாமப் போகல."
காலி வேன். வழி நெடுகப் பாட்டு, என் குரல்லயே. ரோ.க்கு மைசூர்பாகு. அவ வேலை நிரந்தரம்! மேனேஜர்கிட்ட அந்த பஸ் டிரைவர் வேலையைக் கேட்டேன். "போலே," அப்படின்னு மலாய்ல சரி சொன்னாரு.

திங்கள்
மழை. முதல் நாள் பஸ். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பொண்ணுங்க. கடைசியில ரோசி, குடையோட.
"மாமா, லேட்டு!"
"லேட்டுன்னா என்ன அர்த்தம்? முன்னாடி கூட்டம். நீதானே சொன்ன. ஏறு, ஏறு. மெதுவா."