அரைச் சங்கு

1987 பிப்ரவரி 9, திங்கள்

உடம்பெல்லாம் தடிப்பு. மில் பஞ்சு யாரை விட்டது? நான் பிள்ளை பார்க்கும் தொட்டில் ரூமின் கதவைச் சாத்தி வைத்தாலும் தூசு உள்ளே வந்துவிடுகிறது. ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். அரிப்பு, மூக்கொழுகல், பஸ்ஸில் வாந்தி எல்லாவற்றுக்கும் இதுவேதானாம். "தூக்கம் நல்லா வரும். இதைக் குடிச்சிட்டு மெஷின் பக்கம் போகக் கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குத் தொடவே கூடாது" என்றார்.

பெறாதவளிடம் போய்ச் சொல்கிறார். சிரிப்புதான் வந்தது.

பிப்ரவரி 10

அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அரிப்பு போன இடம் தெரியவில்லை.

பிப்ரவரி 23

பிள்ளைகள் பதினொன்று, பார்க்க நான் ஒருத்தி. ஒன்று அழுதால் மற்றதெல்லாம் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு நூர்பானு மகன் பீர் மைதீன். எட்டு மாசம்தான் ஆகிறது, தொண்டை மட்டும் எட்டு ஆளுக்கு. காலை ஆறு மணிக்கு மில் சங்கு ஊதியதிலிருந்து ஒரே அழுகை. ஸ்பின்னிங்கில் நிற்கும் நூர்பானுவை ரெண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினேன். மூன்றாவது தடவை மேஸ்திரி ஐயாதுரை வந்து நின்றார்.

"ஏம்மா செல்லக்கனி, பிள்ளைய அமத்த உன்னைய வச்சிருக்கா, தாய்மாரை மெஷின விட்டு இழுக்க வச்சிருக்கா? ஏலலைன்னா சொல்லிரு. ஆளா இல்ல?"

ஆள் இருக்கும். எனக்குத்தான் இந்த வேலையை விட்டால் போக்கிடம் இல்லை.

பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. என் மருந்து பையில் இருந்தது. ஒழுகலுக்கும் இதுதானே? கால் ஸ்பூன் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அமர்ந்துவிட்டான்.

ஒரே ஒரு தடவைதான்.

மார்ச் 5

இப்போது நாலு பிள்ளைகளுக்கு.

மார்ச் 18

பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். பதினோரு தொட்டிலில் ஒன்றுகூட அசையவில்லை. "இப்படி ஒரு ரூமை நான் எந்த மில்லுலயும் பாத்ததில்லம்மா" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். தாய்மார்கள் எனக்குக் கைராசி என்கிறார்கள். பொய் எதற்கு, பெருமையாகத்தான் இருந்தது.

பாட்டிலோடு வந்த ஸ்பூன் எங்கேயோ தொலைந்துவிட்டது. பால் புகட்டுகிற எவர்சில்வர் சங்கிலேயே ஊற்றிக் கொடுத்துவிடுகிறேன். அரைச் சங்குதான். தவசிமுத்து தன் மெடிக்கலில் டாக்டர் சீட்டுகூடக் கேட்பதில்லை. "அரிப்பு இன்னுமா போகல?" என்றபடியே எடுத்துத் தருகிறான்.

ஏப்ரல் 2

பிள்ளையைத் தூக்க வந்த நூர்பானு அவன் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இவன் வீட்டுலயும் அசந்து அசந்து போறான். பால் குடிக்கும்போதே கண்ணு சொருகுது. நீங்க ஒண்ணும் குடுக்கலியே?"

"ஏட்டி, இந்த வெயிலுக்குப் பெரிய ஆளே சுருண்டு படுக்கான். பச்சப் பிள்ள என்ன செய்யும்?"

அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். "அதானே" என்று சிரித்துவிட்டுப் போனாள். என் மேல் அம்புட்டு நம்பிக்கை அவளுக்கு.

நாளையிலிருந்து அவனுக்கு மட்டும் கிடையாது.

ஏப்ரல் 3

கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அப்படியொரு அழுகை. வாசலில் மேஸ்திரி தலை தெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

மூச்சு விடும்போது குறட்டை போல ஒரு சத்தம். சளிதான். சளியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 9

எழுதினால்தான் மனசு அடங்கும்.

ஏழு மணிக்கு அரைச் சங்கு கொடுத்தேன். ஒன்பதரைக்கு அவன் உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவன் சிணுங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் உதடு நாவல்பழ நிறம். தூக்கினால் தலை தொங்குது — ஐயோ, எங்கையில துணி மாதிரி தொங்குதே —

மில் ஜீப்பில் நூர்பானு, நான், மேஸ்திரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன மருந்து குடுத்தீங்க?"

"சளிக்கு ரெண்டு சொட்டு விட்டேன் சார், விடியக்காலம். ரெண்டே ரெண்டு சொட்டு." நூர்பானு முந்தானையிலிருந்து சளி மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு சொட்டுக்கு இப்படி ஆகாதும்மா. வேற என்ன குடுத்தீங்க? சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்." கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் குடுக்கல சார்."

நான்தான் சொன்னேன். வேறு யார் சொன்னது?

ஏப்ரல் 10

பீர் மைதீன் போய்விட்டான்.

மே 21

நூர்பானுவை அவள் புருஷன் அகமது கபீர் சுந்தரபாண்டியத்தில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டானாம். பெற்ற பிள்ளைக்கு மருந்து கொடுத்துக் கொன்றவள் என்று தெருவே பேசுகிறதாம். மற்ற தாய்மார்கள் வெகு சாதாரணமாக, டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

என் பாட்டில் மருந்தை அன்றைக்கே வாறுகால் சாக்கடையில் கொட்டிவிட்டேன். இப்போது பத்துப் பிள்ளைகளும் அழுகின்றன. அழட்டும். மேஸ்திரி கத்துகிறார். அவரும் கத்தட்டும். சங்கை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை. பையிலேயே கிடக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

சுந்தரபாண்டியம் போனேன். நூர்பானு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்துவிட்டாள். "வாங்கக்கா" என்றாள். என்னைப் போய் வாங்க என்றாள்.

உட்காராமல், நின்றுகொண்டே சொன்னேன். "உன் ரெண்டு சொட்டு இல்லட்டி. நாந்தான். தெனமும் நாந்தான் குடுத்தேன். டாக்டர் கேட்டப்பவும் மறைச்சிட்டேன்."

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கையிலிருந்த காம்பைக் கடைசி இலை வரை உருவி முடித்தாள். பிறகு கேட்டாள்: "எம்புட்டு?"

பையிலிருந்து சங்கை எடுத்து, குடத்துத் தண்ணீரைப் பாதி வரை ஊற்றிக் காட்டினேன்.

உள்ளே போய் ஒரு மருந்து ஸ்பூனைக் கொண்டுவந்தாள். சங்குத் தண்ணீரை அதில் ஊற்றி ஊற்றித் தரையில் கவிழ்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. சங்கில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"கெளம்பி வாங்க. இதை எம்மாமியா வாசல்ல வந்து ஊத்திக் காட்டுங்க."

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மாமியார் வீடு இருக்கும் ராஜபாளையம் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலில் நின்று, தெரு பார்க்க, இன்னொரு தடவை ஊற்றிக் காட்டினேன். அவளே ஸ்பூனால் எண்ணினாள்.

ஜூன் 15

ஆறு மணிச் சங்கு ஊதியது. நான் போகவில்லை.

பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சங்கையும் எடுத்துக்கொண்டு வரணுமாம்.