வண்டு வந்தவனுக்கு வடை

சித்திரபுரம்
14-2-1972

அன்புள்ள பொங்கியண்ணனுக்கு,

நீ என்னைவிட ஏழு வயது சின்னவன். பெயரிலேயே அண்ணனை ஒட்டவைத்து, ஆயுசுக்கும் என்னை மரியாதை செய்யவைத்துவிட்டார் உன் அப்பா. போகட்டும். நீ, கமலாத்தாள், எருமைகள் எல்லாரும் நலமா?

நான் முறைப்படி செவிடாகிவிட்டேன். ஃபாக்டரியில் தேயிலை அரைக்கும் மிஷின் பக்கத்திலேயே நின்று நரைத்தவன் நான். போன மாதம் மேஸ்திரி மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. அதனால் என்னை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் லாபம்தான் என்று நினைத்தேன். ராமுத்தாயின் வாய் அசையும்போதெல்லாம் தலையாட்டிவைத்தேன். எதற்கு ஆட்டினேனோ, அவள் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான்.

கவலை வேறு. எஸ்டேட்காரன் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருக்க, வீட்டுக்கு ஒரு ஆள் வேலையில் இருந்தாக வேண்டும். என் இடத்தில் மகன் சந்தனத்தின் பேரைப் பதிந்தாயிற்று. அதே மிஷின், அதே மூலை. மூணாறிலிருந்து வரும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்லும் பிள்ளை அவன். அந்தக் காதுக்கு ஏதாவது வழி சொல்லு. நாலு பேரோடு பழகுகிறவன் நீ.

இப்படிக்கு,
கேட்காதவன்,
சங்கையா


கொழிஞ்சாம்பாறை
3-3-1972

சங்கையா அண்ணனுக்குப் பொங்கியண்ணன் வணக்கமுங்க.

கடிதத்தைக் கமலாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். எருமைகளோடு சேர்த்து விசாரித்ததற்கு இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பனோடு சண்டை போட்டு மலையேறி வந்தவனுக்கு ஆறு வருசம் சோறு போட்டது உங்க ஊடுங்க. நான் பேக்கிங் அறையில் இருந்ததால் என் காது தப்பித்தது. சந்தனத்தைத் தோளில் தூக்கித் திரிந்தவனுங்க நான். அவன் காது என் பொறுப்பு.

எங்க காட்டில் பருத்தி நல்லா வந்திருக்குதுங்க. நானே உட்கார்ந்து கொட்டை எடுத்தேன், கமலாத்தாள் காதுக்கு அளவாக உருண்டை பிடித்தாள். பார்சல் போட்டாயிற்று. வெறுங்காதோடு மிஷின்கிட்டப் போகவே கூடாதுன்னு மாமன் சொன்னேன்னு சொல்லுங்க. வருசா வருசம் அனுப்புறேனுங்க.

உங்க தம்பி,
பொங்கியண்ணன்


சித்திரபுரம்
20-6-1973

அன்புள்ள பொங்கியண்ணனுக்கு,

இந்த வருஷப் பஞ்சும் வந்து சேர்ந்தது. சந்தனம் அதை வைக்காமல் வாசல் தாண்டுவதில்லை. பக்கத்து லயத்து மொக்கையன், "பொணத்துக்கு மூக்குல வைப்பாங்க, நீ காதுல வச்சிட்டுத் திரியுறியேலே" என்றானாம். "எங்க மாமா காட்டுப் பஞ்சுலே, உனக்குக் கிடைக்குமா?" என்றானாம் இவன். வாரத்தில் இரண்டு நாள் பேக்கிங் அறைக்கு மாறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்குத்தான் பஞ்சு இருக்கே" என்று அந்த முறையையும் மொக்கையனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டான்.

இன்னொரு நல்ல சேதி. பையனுக்கு வண்டு வந்துவிட்டது. பேக்கிங் அறைக்காரன் உனக்கு இது தெரிந்திருக்காது. வேலை முடிந்து படுத்தால் காதுக்குள் வண்டு ஒன்று ரீங்கரிக்கும். அது வந்தால்தான் ஆள் தேறிவிட்டான் என்று மிஷின்காரர்களுக்குள் பேச்சு. வண்டு வந்தவனுக்கு எல்லாருமாகச் சேர்ந்து வடை வாங்கித் தருவோம். எனக்கு வாங்கித் தந்தது இன்னும் நாக்கில் நிற்கிறது. சந்தனத்துக்கும் வாங்கினார்கள். அப்பன் என்ற உரிமையில் ஒன்றை நான் தின்றேன்.

பெருமையோடு,
சங்கையா


சித்திரபுரம்
8-5-1977

அன்புள்ள பொங்கியண்ணா,

இதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று பலநாள் யோசித்தேன்.

தை மாதம் சந்தனத்துக்கு நீ வந்து நடத்திவைத்த கல்யாணம். மறையூர்ப் பெண்ணுக்கு மெல்லிய குரல். வந்த மாதமே மாமியாரிடம் அழுதிருக்கிறாள்: "நான் பேசப் பேச அவரு பாட்டுக்குத் திரும்பிப் போறாரு அத்தே. என்னைப் பிடிக்கல போல." பிடிக்காமல் இல்லை, கேட்கவில்லை. போன வாரம் ரோட்டில் இவனுக்குப் பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், டிரைவரே இறங்கி வந்து தோளைத் தொட்டிருக்கிறார். எந்த டிரைவர் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் என் காதில் கத்தியதை எழுதுகிறேன். காய்ந்த பஞ்சு சத்தத்தை நிறுத்தாதாம். கொசுவலை கட்டி மழையைத் தடுக்கிற கதையாம். காதுக்கென்றே ரப்பரில் செய்த அடைப்பு வேண்டுமாம். அடிக்கடி சத்தத்தைவிட்டு விலகியும் இருக்க வேண்டுமாம். பேக்கிங் அறையைத்தான் சொல்கிறார். உள்ளே மயிரிழை மாதிரி என்னவோ இருக்கிறதாம், செத்தால் திரும்ப முளைக்காதாம். வண்டுதான் அதற்கு எச்சரிக்கையாம்.

நாங்கள் அதற்கு வடை வாங்கித் தந்திருக்கிறோம், பொங்கியண்ணா.

ரப்பர் அடைப்பு கேட்டு ஆபீசுக்குப் போனேன். "பார்க்கலாம்" என்றார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாத எனக்கே அது தெளிவாகத் தெரிந்தது. வீடு வேண்டுமே, பையன் அதே மூலையில்தான் நிற்கிறான்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நம்மிடம் யார் சொன்னார்கள்?

சங்கையா


சித்திரபுரம்
18-4-1978

பொங்கியண்ணா,

டாக்டர் சொன்னதை எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பிறகு போட்ட இரண்டுக்கும் இல்லை. இந்த வருஷம் பஞ்சும் வரவில்லை.

சந்தனம் பழைய பஞ்சையே எடுத்து வைத்துக்கொண்டு போகிறான். அதுதான் ஒன்றுக்கும் ஆகாது என்றாரே டாக்டர் என்று சைகையில் கேட்டேன். "மாமா வெறுங்காதோட போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல" என்றான். தெருவே திரும்பிப் பார்த்தது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டு ரகசியம் லயம் முழுக்கத் தெரியும், எங்கள் இருவரைத் தவிர.

பேத்தி பிறந்திருக்கிறாள், மறையூரில். ராமுத்தாய் துணைக்கு அங்கேயே இருக்கிறாள். நல்ல குரலாம். சந்தனம் போய்த் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தான். அழுதாளா என்று கேட்டேன். "அழுதத பாத்தேன்" என்றான். அன்று சாப்பிடவில்லை.

எனக்குக் குறையில்லாமல் கேட்கிற பேச்சு கடுதாசி ஒன்றுதான். அதிலும் உன்னுடையது. திட்டியாவது நாலு வரி எழுது. எருமைகளைப் பற்றியாவது எழுது.

யாராவது கதவைத் தட்டினால் இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் தெரியாது. அதனால் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்துபோட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சங்கையா