நாலு கோல் மூட்டை

பெரிய நீல வாளியில் பதினான்கு ஜெர்சி ஊறிக்கொண்டிருக்கிறது. சேற்று வாடை, வியர்வை வாடை, பையன்கள் தொடையில் தேய்த்துக்கொள்கிற கற்பூரத் தைலத்தின் வாடை, மூன்றும் கலந்து கொல்லைப்புறம் முழுக்க நிற்கிறது. இந்த வாடை வந்தாலே நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, வாளிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் கேட்காமலேயே மேட்ச் முழுவதையும் சொல்லுவீர்கள். இன்றைக்கு அந்த ஸ்டூலில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லப்போவதும் நான்தான்.

ஸ்கோர் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? "முதல்ல ஸ்கோரைச் சொல்லு, கதையை அப்புறம் சொல்லு" என்பது உங்கள் வழக்கம். சொல்ல மாட்டேன். இருபத்தெட்டு வருஷம் உங்கள் இஷ்டத்துக்கு நான் கேட்டேன், ஒரே ஒரு நாள் என் இஷ்டத்துக்கு நீங்கள் கேளுங்கள். எனக்கு நேற்றிலிருந்து கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் காப்பிக்குச் சர்க்கரை இரண்டு தடவை போட்டுவிட்டேன், அதையும் குடித்துவிட்டேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஃபுட்பால் கிளப்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர்தான் பேசினார். "அண்ணன் இருந்த எடத்துல வேற ஆளைப் போட எங்களுக்கு மனசு வரல. நீங்களே செகரட்டரியா இருங்க அண்ணி. பேருக்குத்தான், கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். அந்தப் 'பேருக்குத்தான்' எனக்குச் சுருக்கென்றது. கிளப் ஜெர்சி அத்தனையும் கல்யாணமான வருஷத்திலிருந்து இந்தக் கொல்லையில்தான் வெளுக்கிறது, பேருக்கா துவைத்தேன்? சரி என்றேன், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால்தான் நீங்கள் பயப்படுவீர்கள்.

கிளப் இருந்த நிலைமையைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். கோப்பை வைக்க அலமாரி போதாமல் கட்டில் அடியில் வைத்தோமே, அதே கிளப் இந்த சீசனில் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றது. கடைசி இரண்டு டீமும் முதல் டிவிஷனை விட்டு இறங்க வேண்டும். நம் கிளப் ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட இறங்கினதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு கோல் வாங்கித் தோற்றோம். நாம் ஒன்றுகூடப் போடவில்லை. அதற்கப்புறம் மூன்று ஆட்டம்தான் பாக்கி, அதில் இரண்டையாவது ஜெயிக்க வேண்டும் என்கிற நிலை. மறுநாள் கோச் ஃபோனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு வந்த ஜெர்சிகளைத் துவைக்க எனக்கு மனசு வரவில்லை. சாக்குப் பையில் போட்டுக் கட்டிக் கூடத்து மூலையில் வைத்துவிட்டேன். அது நல்லதாகப் போயிற்று.

தலைவர் டிவியில் வெளிநாட்டு மேட்ச் பார்த்துப் பார்த்து, இனிமேல் கோச் என்று சொல்லக் கூடாது, மேனேஜர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானமே போட்டிருந்தார். மேனேஜர் வேலைக்கு இரண்டு பேரை அவரே பிடித்தும் வந்தார். கிளப் ரூம் மழையில் ஒழுகியதால் நம் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் பேசினோம்.

முதல் ஆள் ஒரு காலத்தில் மாநில அணியில் ஆடியவர். மீசையும் வாட்சுமாக ஜம்மென்று இருந்தார். வந்து உட்கார்ந்தவர் சாக்குப் பையைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, தான் போட்ட கோல்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தலைவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நான் நாற்காலி நகர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆள் ஸ்ரீரங்கத்துத் தம்பி. நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. லேப்டாப்பில் வட்டமும் அம்புக்குறியுமாக நிறையக் காட்டினார். இவரிடம் நானே கேட்டேன். "தம்பி, அந்த மூட்டையில ஞாயித்துக்கிழமை மேட்ச் ஜெர்சி இருக்கு. பிரிச்சுப் பாக்குறீங்களா?" அவர் பாவம், என்னைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்கு மாமி சிரமப்படறேள்? எல்லாத்தையும் வாஷிங் மெஷின்ல போட்டுடலாமே" என்றார்.

அன்றைக்குச் சாயந்திரமே என் மனசில் ஒரு ஆள் வந்துவிட்டார். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். கோவிச்சுக்காதீங்க. அந்தோணி.

பாருங்கள், பேரை எழுதியே விட்டேன். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. உங்கள் கேப்டன், நீங்கள் தூக்கி வளர்த்த அஞ்சாம் நம்பர். துவாக்குடிப் பக்கத்து ஃபேக்டரியில் அவர்கள் டீமுக்கு ஆடினால் வேலை நிரந்தரம் என்று சொன்னார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருந்தவர், போனார். போவதற்கு முன் மைசூர்பாகு டப்பாவோடு உங்களிடம் சொல்ல வந்தார். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். "கிளப்பை வித்துட்டுப் போறான்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னீர்கள். அவருடைய ஜெர்சியை என்னிடம் எறிந்து, "வண்டி துடைக்க வெச்சுக்க" என்றீர்கள். உங்கள் சாவுக்கு அவர் வந்திருந்தார். எதிர் டீக்கடை ஓரத்தில் நின்று, எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவர் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு லால்குடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். மறுநாள் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறினேன். பாலம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து முன்னாலே போய்விட்டாள். கண்டக்டர் வந்து நின்று, "என்னக்கா மூட்டையில, கருவாடா?" என்றார். "நாலு கோல்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கதவைத் திறந்த அந்தோணி, "அண்ணி" என்று விலகி வழிவிட்டார். நான் உள்ளே போய் மூட்டையைக் கூடத்தில் கவிழ்த்தேன். "கிளப்புக்கு ஆள் தேடுறோம். இதைப் பாத்து என்ன தோணுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஜெர்சியாக உதறி, டீம் நிற்கிற மாதிரியே தரையில் பரப்பினார். டிவி ஸ்டாண்டு பக்கம் கோல்கீப்பர், வாசற்படி பக்கம் ஃபார்வர்டு. அவர் மனைவி டீயோடு வந்து, கால் வைக்க இடமில்லாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணி, மூணையும் நாலையும் பாருங்க. ரெண்டு பேருக்கும் இடது விலாவுல ஒரே கருப்புச் சேறு. நம்ம பொன்மலை கிரவுண்டுல வாய்க்கால் பக்கத்துக் கோல்கிட்டதான் அந்தச் சேறு கெடக்கும். ஒரே ஆளைப் பிடிக்க ரெண்டு பேருமே சறுக்கியிருக்கானுங்க. நீ போ, நான் நிக்கிறேன்னு ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லல."

அவர் அந்த மேட்ச்சைப் பார்க்கவே இல்லை. ஆனால் நாலு கோலில் இரண்டு அப்படித்தான் விழுந்தது என்று பையன்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. நானும் ஜெர்சி பார்த்து மேட்ச் சொல்லுகிறவள்தானே. எனக்குத் தெரிந்ததையும் எடுத்துவிட்டேன். ஒன்பதாம் நம்பரைக் காட்டி, "இந்தப் பிரவீன் சட்டையைப் பாருங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி ஒரு பொட்டு அழுக்கு இல்ல. சோம்பேறி" என்றேன்.

அந்தோணி அதைக் கையில் எடுத்தார், திருப்பினார், காலரை வெளிச்சத்தில் பிடித்தார். "இவன் சோம்பேறி இல்ல அண்ணி. காலரைப் பாருங்க, முதுகைப் பாருங்க, உப்புப் பூத்து வெள்ளையா நிக்குது. மத்த எல்லாரையும் விட இவன்தான் ஓடியிருக்கான். பந்துதான் இவன்கிட்ட வரல. பந்து வராதவன் மேல எப்படிச் சேறு படும்?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாள் பார்த்ததில்லை. அந்தப் பையனை வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோம்பேறி என்று ஏசியும் இருக்கிறேன்.

அதற்குள் அவர் கை நின்றுவிட்டது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு ஜெர்சிக்கு இடம் விட்டிருந்தார். "அஞ்சு எங்க அண்ணி? வீட்டுலயே விட்டுப்போச்சா?"

சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டி துடைக்கச் சொன்ன ஜெர்சியை நான் பீரோவில் வைத்ததும், ஒரு மாசத்தில் அது உங்கள் டிரங்குப் பெட்டிக்கு இடம் மாறியதும். வருஷா வருஷம் சீசன் ஆரம்பத்தில் நான் பழைய ஜெர்சியெல்லாம் மொட்டை மாடியில் காயப் போடுவேன், அந்த ஒன்றை மட்டும் நீங்கள் ரூமுக்குள்ளே நாற்காலி முதுகில் போட்டு ஃபேனைச் சுழல விடுவீர்கள். தெருக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே. கேட்டால் "பூச்சி அரிச்சிடும்" என்பீர்கள். புது ஜெர்சி அடிக்கும்போதெல்லாம் அஞ்சு இல்லாமலேயே அடித்தீர்கள், அந்தோணி இடத்தில் ஆடுகிற ஸ்டாப்பருக்குப் பதினஞ்சைக் கொடுத்தீர்கள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

அந்தோணி அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். "அண்ணன் இருந்தா நான் வர்றதுக்கு ஒத்துப்பாரா அண்ணி?" என்றார்.

"ஒத்துக்க மாட்டார். கத்துவார். ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். மூணாவது நாள் கிரவுண்டுக்கு வந்து வேப்பமரத்துப் பக்கம் நின்னு பாப்பார்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "டீ ஆறிடுச்சு, வேற போடச் சொல்றேன்" என்று உள்ளே போனார்.

கமிட்டியில் பெரிய ரகளை. தலைவருக்கு மீசைக்காரர்தான் வேண்டும். "அந்தோணி பேரை எடுத்தா அண்ணனோட ஆத்மா சாந்தியடையாது அண்ணி" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "அவரோட ஆத்மாவைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் அதுக்குச் சோறு போட்டவ நான்" என்றேன். மூன்று ஆட்டத்துக்கு மட்டும் என்று எழுதி, பேருக்குச் செகரட்டரியான நானே கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஆட்டம் தோற்றோம். ஒரு கோல் வித்தியாசம்தான், ஆனாலும் தோல்வி. தலைவர் ஃபோனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். நான் அன்றைக்கே ஜெர்சியைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றின் சேறு ஒரு பக்கம், நாலின் சேறு வேறு பக்கம். பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டோம், ஒன்று வாங்கினோம். ஆக எல்லாம் நேற்றைய ஆட்டத்தில் வந்து நின்றது. ஜெயித்தால் இருப்போம், சமன் என்றால்கூடப் போய்விடுவோம்.

பொன்மலை கிரவுண்டில் முந்தின நாள் மழை, நேற்று நல்ல வெயில். நீங்கள் நிற்கிற வேப்பமரத்துக்குக் கீழேதான் நானும் நின்றேன். நேரம் போகிறது, கோல் மட்டும் வரவில்லை. தலைவர் கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தோணி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இடைவேளையில் ஆறாம் நம்பர் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒம்போது ஓடிட்டே இருக்கான் தம்பி, தலையத் தூக்கி ஒரு தடவை பாரு" என்று சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும். ஆறு பந்தை எடுத்தான். எப்போதும் தானே அடித்து வெளியே அனுப்புகிறவன், தலையைத் தூக்கினான். பார்த்தான். தாழ்வாக ஒரு பந்து கொடுத்தான் பாருங்கள், வாய்க்கால் பக்கத்துக் கோலுக்கு முன்னால் அந்தக் கருப்புச் சேற்றைத் தாண்டிப் போகிற பந்து. பிரவீன் யோசிக்கவே இல்லை. நெஞ்சு தரையில் அடிக்க நீளமாகப் பாய்ந்து தலையால் முட்டினான். பந்து உள்ளே போயிற்று, அவனும் பந்துக்குப் பின்னாலேயே வலைக்குள் போய் விழுந்தான்.

நான் கத்தினேன். நான் கத்தி நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷத்தில் கத்திக் கேட்டதில்லை. அப்படி ஒரு கத்து. தலைவர் ஓடிப்போய் அந்தோணியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார், அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போதுமா? ஒன்று பூஜ்யம். அதுதான் ஸ்கோர். நம் கிளப் இறங்கவில்லைங்க.

இருங்கள், ஜெர்சி ரொம்ப நேரம் ஊறுகிறது. துவைத்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

முடித்துவிட்டேன், கை எல்லாம் சுருங்கிப் போயிற்று. பதினான்கும் அப்படி ஒரு அழுக்கு, வாளித் தண்ணீரை நாலு தடவை மாற்றினேன். ஒன்பதாம் நம்பரின் நெஞ்சுப் பக்கம் மட்டும் கறை போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். காலரைத் தேய்ப்பதற்கு முன்னால் எல்லாக் காலரையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இனி இந்த மூட்டையை நான் தூக்குகிற வரைக்கும் அப்படித்தான். அந்தோணியை அடுத்த சீசனுக்கும் இருக்கச் சொல்லிவிட்டேன். புது ஜெர்சியில் அஞ்சும் உண்டு, செகரட்டரி சொல்லியாயிற்று.

அப்புறம் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பழைய ஜெர்சியையும் ஒரு தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நாற்காலி முதுகில் போடவில்லை. மொட்டை மாடிக் கொடியில், தெருப் பக்கம் பார்க்கிற மாதிரி, நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் போட்டுக் கிளிப் மாட்டியிருக்கிறேன். நம் பாலக்கரையே பார்க்கலாம். நீங்களும் பாருங்கள்.