யாருக்கு உதவியாளர்?

புலாகோர் சுகாதார நிலையம்,
4 ஜூன் 1998

என் அருமை அடிமை ஞிலானுக்கு,

உன் எசமானி நீமா நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை செரேர்காரர்களுக்கு ஒரு நோயும் வராது. வேன் டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. பாதிதான் இருந்தது. மீதியை மூட்டை கட்டும்போதே தின்றிருப்பாய்.

ஜோலாக்காரி நான் செரேர்காரி உன்னை அடிமை என்று திட்டுவது நம் இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்து முறைதான், ஆனாலும் இன்றைக்குக் கேலி போதும். மனசு சரியில்லையடி. இருவரும் ஒன்றாகப் படித்தோம், ஒரே நாளில் மருத்துவச்சிச் சான்றிதழ் வாங்கினோம். உனக்கு அந்த வருடமே வேலை உத்தரவு வந்துவிட்டது. நான் நாலு வருடமாக இங்கே "தன்னார்வ உதவியாளர்". போன வருடம் மட்டும் இருநூற்றுப் பதினொரு பிரசவம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் லாமின் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. நேற்றுச் சாப்பிடும்போதுதான், "பிரிக்காமா சந்தையில அண்ணன் துணிக்கடைக்கு ஆள் தேடுறாரு. மழை முடிஞ்சதும் நீ போய் உக்காரேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவம்போலச் சொன்னார்.

மழை முடிவதற்குள் உத்தரவு வராவிட்டால் போய்விடுவேன், ஞிலான். மருத்துவச்சிகள் சங்கம், சங்கம் என்று குதிக்கிறாயே, செயலாளர் அம்மா, உன் சங்கம் இதுவரை என்னத்தைக் கிழித்தது?

உன் எசமானி,
நீமா குஜாபி


பிரிக்காமா,
21 ஜூன் 1998

என் அடுப்புச் சாம்பல் அள்ளுகிற நீமாவுக்கு,

கருவாட்டைத் தின்றது டிரைவர். ஆனால் ஜோலாக்காரிக்குப் பாதியே அதிகம் என்பதால் நான் அவரைக் கேட்கவில்லை.

சங்கம் என்ன கிழித்தது என்று கேட்டாயே, கேள். உன்னைப் போல உத்தரவில்லாமல் வேலை பார்க்கிறவர்கள் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரின் பெயரையும் எழுதி நியமனக் குழுவுக்கு ஏழு மனு போட்டேன். ஆறுக்குப் பதிலே இல்லை. ஏழாவதற்கு ஆகஸ்ட் பன்னிரண்டு காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

குழுத் தலைவர் ஸால் மகா சிடுமூஞ்சி. வாயைத் திறப்பதற்குள் வெளியே போ என்பாராம். ஆனால் ஒரு நல்ல செய்தி, அவர் செரேர்! மீன் சந்தையில் எங்கள் மொழியில் பேரம் பேசியதை என் காதாலேயே கேட்டேன். அதனால் உள்ளே போனதும் நீதான் பேச வேண்டும். ஜோலாக்காரி எப்படித் திட்டினாலும் செரேர்காரன் சிரித்துத்தானே ஆக வேண்டும்? கேலி முறை உள்ளவள் கேட்டதை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? நல்லா நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆரம்பி.

துணிக்கடைப் பேச்சை இன்னொரு தடவை எடுத்தால் நேரில் வந்து உதைப்பேன்.

உன்னைக் கட்டி மேய்க்கும்,
ஞிலான் ஃபாய்


புலாகோர்,
14 ஆகஸ்ட் 1998

அடி பாவி ஞிலான்,

அன்று காலை தலைப்பிரசவம் ஒன்று சிக்கலாகிவிட்டது என்று நீ வராமல் போனாய். தாயும் பிள்ளையும் நலம் என்று கேள்விப்பட்டேன், அதற்காக உன்னை மன்னிக்கிறேன். மற்றதற்கு மன்னிப்பே கிடையாது.

உள்ளே போனேன். நீள மேசை, ஐந்து பேர், நடுவில் கண்ணாடி போட்ட ஸால். நீ சொல்லிக்கொடுத்தபடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏய் அடிமை! எசமானி வந்திருக்கேன், எந்திரிக்காம உக்காந்திருக்கே? அரிசி திருடித் தின்னு தின்னு எந்திரிக்க முடியலையா?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எழுத்தர் பேனாவைக் கீழே போட்டார்.

ஸால் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நான் ஃபுலா இனத்தான். செரேர் ஊர்ல வளர்ந்தவன், அவ்வளவுதான். எனக்கும் ஜோலாவுக்கும் என்ன முறை இருக்கு?"

ஐயோ, ஞிலான்! ஒரு முறையும் இல்லாத பெரிய மனிதரை, நாலு பேர் முன்னால், அடிமை என்றும் திருடன் என்றும் சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு பேர் பிழைப்பும் என் வாயால் போயிற்று என்றே நினைத்தேன். "மன்னிச்சுக்குங்க ஐயா, நீங்க செரேர்னு ஞிலான் ஃபாய்தான் சொன்னா" என்றேன்.

"ஃபாயா? செரேரா?" மேசையில் ஓங்கி ஒரு தட்டு. அடுத்த நொடி மனிதர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்! ஃபுலாவும் செரேரும் கேலி முறைக்காரர்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "செரேர் அடிமை ஒருத்தி பேச்சைக் கேட்டு வந்தியா? இந்தத் திட்டு உன் கணக்குல இல்லம்மா, அவ கணக்குல. அவளை நான் பாத்துக்கறேன். உக்காரு."

உட்கார்ந்தேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "உதவியாளர்னுதானே போட்டிருக்கு? உதவியாளருக்கு எதுக்கு நியமன உத்தரவு?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஐயா, புலாகோர்ல ராத்திரி பகல்னு இருக்கறது நான் ஒருத்திதான். வேற டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. உதவியாளர்னு எழுதியிருக்கீங்களே, நான் யாருக்கு உதவி?" என்றேன்.

அவர் பட்டியலை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "போய்ட்டு வாம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. துணிக்கடைக்குச் சரி என்று லாமினிடம் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை.

நீமா


பிரிக்காமா,
9 செப்டம்பர் 1998

என் கண்ணே நீமா,

சொல்லாதே! லாமினிடம் ஒன்றும் சொல்லாதே!

ஸால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரை மணி நேரம் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். நான் விடுவேனா? மாடு மேய்த்து மாட்டுக்கே முத்தம் கொடுக்கிற ஃபுலாக் கூட்டம் என்று திருப்பிக் கொடுத்தேன். தண்டனையாக ஒரு பானை கடலைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். குழுவே உட்கார்ந்து குடித்தது.

கஞ்சி குடிக்கும்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது இது: "அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு எங்க அஞ்சு பேர்கிட்டயும் பதில் இல்ல." உதவியாளர் என்ற பெயரையே எடுத்துவிடுகிறார்களாம். முதலில் முப்பத்தொரு உத்தரவு. விடுபட்ட பதினொரு பேருக்கும் வாங்காமல் சங்கம் ஓயாது. முப்பத்தொன்றில் நீ இருக்கிறாயா என்று கேட்டேன். "தபால்ல பாத்துக்கட்டும்" என்கிறார், கிழட்டுக் குறும்பன்!

தபாலுக்குக் காத்திருக்கும்,
ஞிலான்


புலாகோர்,
3 அக்டோபர் 1998

என் தங்க ஞிலான்,

நேற்று மத்தியானம் அவா சான்யாங்குக்கு மூன்றாவது பிரசவம். தலை தெரிகிற நேரத்தில் வெளியே சைக்கிள் மணி அடித்தது. லாமின். "நீமா, கடிதாசி! அரசாங்க முத்திரை!" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்துகிறார். "கை வேலையா இருக்கு, போங்க அந்தப் பக்கம்!" என்று நானும் கத்தினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவா தலையைத் தூக்கி, "யக்கா, அவரை நிக்கச் சொல்லு! என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நான் பெக்க மாட்டேன்!" என்றாள்.

லாமின் படித்தார். பாதியிலேயே அழுதுவிட்டார். துணிக்கடை பற்றிப் பேசிய அதே மனிதர்! "மருத்துவச்சின்னு போட்டிருக்குடி, நீமா, மருத்துவச்சின்னு!" அவா ஒரு கூச்சல் போட்டாள் பார், அது வலியா சந்தோஷமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூச்சலோடு பிள்ளை வந்துவிட்டது. பெண். மூன்றரைக் கிலோ.

அந்தப் பதினொரு பேருக்காக எப்போது குழுவுக்குப் போகிறாய் என்று எழுது, நானும் வருகிறேன்.

இன்னொன்று. உனக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. பிறப்புப் பதிவேட்டில் "பிரசவம் பார்த்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? எனக்குப் பதவி இல்லாததால் நாலு வருடமாக அதில் முப்பது மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிற அதிகாரியின் பெயரைத்தான் எழுதினேன். என் கையில் விழுந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் புத்தகத்தில் அவருடைய கையில் விழுந்தவை.

நேற்று அவாவின் மகளுக்கு நேரே என் பெயரை எழுதினேன். எழுத்து கோணலாகிவிட்டது. அடித்துத் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நீமா குஜாபி,
மருத்துவச்சி